வெயிலில் வெளுக்கும் தேக்கு

தேக்கில் செய்த நாற்காலியையோ விசுப்பலகையையோ தோட்டத்தில் போட்டுவைத்தால், சில மாதங்களில் அதன் பொன்னிறம் மங்கத் தொடங்கி, ஓரிரு மழைக்காலங்களுக்குள் முழுவதும் சாம்பல் பூத்துவிடும். அந்தக் கட்டத்தில்தான் அதற்கு எண்ணெய் தடவுவதா, வார்னிஷ் அடிப்பதா, ‘சீலர்’ என்று கடைகளில் விற்கும் அடைப்புப் பூச்சைப் பூசுவதா, அல்லது சும்மா விட்டுவிடுவதா என்ற கேள்வி எழுகிறது. தேக்கு மரம் வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்த நெடுங்காலத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கேள்விக்கு வயது மிகக் குறைவு. பாலம் போட்டவர்களும் கப்பல் கட்டியவர்களும் தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஆணி எங்கே துருவேறுகிறது, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு எங்கே வாய் திறக்கிறது என்று பார்த்தார்களே தவிர, மரத்தின் மேனி நிறம் மாறுவதைக் கேடாகக் கருதவில்லை. நிறம் எப்போது கவலைக்குரியதாயிற்று என்பதைத் தொடர்ந்து பார்த்தால், பூச்சு பற்றிய கேள்விக்கான விடையும் பெருமளவு கிடைத்துவிடுகிறது.

தாவரவியலார் ‘டெக்டோனா கிராண்டிஸ்’ என்று பெயரிட்ட தேக்கு இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளின் இலையுதிர் காடுகளுக்கு உரியது. ஜாவாத் தீவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. இதன் அடிமரத்தை அறுத்தால் நடுவே பழுப்பும் பொன்னுமாகத் தெரிவது வைரம். அதைச் சுற்றி வெளிறிய வளையமாக இருப்பது தச்சர்கள் ‘வெள்ளை’ என்று ஒதுக்கும் புறமரம். தேக்கின் புகழ் முழுவதும் வைரத்துக்கே உரியது. கரையானையும் உளுக்க வைக்கும் பூஞ்சணத்தையும் அண்டவிடாத டெக்டோகுவினோன் முதலிய வேதிப்பொருள்களும், நீரை எளிதில் உள்ளே விடாத மெழுகையும் ரப்பரையும் போன்ற பிசினும் அதில்தான் தங்கியிருக்கின்றன. உளியையும் வாளையும் சீக்கிரம் மழுக்கிவிடும் நுண்ணிய மணற்சத்தும் உண்டு. ஈரத்தில் ஊதுவதும் காய்ச்சலில் சுருங்குவதும் மற்றப் பல மரங்களைவிடக் குறைவு என்பதால் பொருத்துகள் எளிதில் கழல்வதில்லை. இவையெல்லாம் மரம் உயிரோடிருந்த காலத்தில் தானே உள்ளுக்குள் சேர்த்துக்கொண்ட காப்பு. அறுத்த பின் வெளியிலிருந்து தடவும் எதுவும் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

நிறம் மாறுவதன் காரணம் வேறு. மர இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதைச் சிதைக்கின்றன, சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது, மேற்பரப்பில் வெளிறிய செல்லுலோஸ் இழைகள் மட்டும் எஞ்சுகின்றன. புதிதாக இழைத்த தேக்கில் திட்டுத் திட்டாகவும் கோடு கோடாகவும் தெரியும் பச்சையும் கறுப்பும் கலந்த நிறங்கள் வெயில் பட்ட சில நாள்களில் ஒன்றுபோலப் பொன்னிறமாவதும், அதே வெயில் பின்னர் அந்தப் பொன்னிறத்தைக் களைந்துவிடுவதும் இந்த வரிசையில் வருபவையே. ஒளி புகும் ஆழம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியைத் தாண்டுவதில்லை. வெயிலும் மழையும் சேர்ந்து மரத்தை அரிப்பதும் நூறு ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் அளவே. ஈரமும் தூசியும் தங்கும் இடங்களில் மேற்பரப்புப் பூஞ்சணம் கறும்புள்ளிகளாகப் படிந்து சாம்பல் நிறத்தைக் கறுக்க வைக்கும். பார்வைக்கு அழுக்காகத் தெரிந்தாலும் அது மரத்தை உளுக்க வைக்கும் இனம் அன்று.

பூச்சில்லாத தேக்கு திறந்தவெளியில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குப் பர்மாவின் அமரபுரத்தில் தௌங்தமன் ஏரியின் குறுக்கே கிடக்கும் ஊ பெய்ன் பாலத்தைவிடப் பெரிய சாட்சியைத் தேட வேண்டியதில்லை. இன்வாவிலிருந்து தலைநகரம் பெயர்ந்த பின், அங்கே கைவிடப்பட்ட அரண்மனையின் மரங்களைக் கொண்டு 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்ட இந்தப் பாலம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேக்குத் தூண்கள் இதைத் தாங்குகின்றன. அரண்மனையில் ஒரு வாழ்வு வாழ்ந்து முடித்த மரங்கள் அவை. இன்று அந்தத் தூண்கள் முழுவதும் நரைத்து, வெடிப்புகள் ஓடி, கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கின்றன. ஆனால் கான்கிரீட்டால் மாற்ற வேண்டிவந்த சில தூண்கள் வெயில் பட்டதால் கெட்டவை அல்ல; நீர் ஏறி இறங்கும் மட்டத்தில், காற்றும் ஈரமும் மாறி மாறித் தொடும் இடத்தில் உளுத்தவை. தேக்குக்கு உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை இந்த வேறுபாடு தெளிவாகக் காட்டுகிறது.

பர்மியர்கள் பூச்சையே அறியாதவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஐராவதி நதிக்கரையிலுள்ள யெனாஞ்சவுங்கில் கையால் தோண்டிய கிணறுகளிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைப் படகுகளுக்கும் மர வீடுகளுக்கும் மடாலயங்களுக்கும் தடவும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருந்தது. 1795-இல் பர்மிய அரசவைக்குத் தூது சென்ற மைக்கேல் சைம்ஸ் அந்த எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பழைய மடாலயங்களின் மரம் கன்னங்கரேலென்று தெரிவது இந்த எண்ணெயால்தான். அதை ஒருமுறை தடவிவிட்டு மறந்துவிடும் காப்பாக யாரும் கருதியதில்லை. மீண்டும் மீண்டும் தடவுவது பராமரிப்பின் பகுதியாகவே இருந்தது. மாந்தளையிலுள்ள ஷ்வேநந்தா மடாலயம் இன்னொரு பாடம். மிண்டோன் அரசர் 1878-இல் உயிர் நீத்த அந்தத் தேக்கு மாளிகையை அவர் மகன் தீபா அரண்மனை வளாகத்துக்கு வெளியே பெயர்த்து மடாலயமாக்கினார். அதனால் 1945-இல் அரண்மனை எரிந்தபோது அது தப்பியது. உள்ளும் புறமும் பொன் தகடு ஒட்டப்பட்டிருந்த அந்தக் கட்டடத்தில் உள்ளே பொன் இன்னும் மினுங்குகிறது. வெளியே பொன் முழுவதும் உதிர்ந்து, செதுக்கு வேலைப்பாடுகளோடு வெறும் மரம் நிற்கிறது. அரசர்களால் முடிந்த மிக விலையுயர்ந்த பூச்சும் வெயிலுக்கு முன் நிற்கவில்லை, அது மூடியிருந்த மரம் நின்றுவிட்டது.

மேற்குக் கடற்கரையில் தேக்கின் வரலாறு கப்பலோடு பிணைந்தது. சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவும் அவர் வழிவந்த பார்சித் தச்சர்களும் மலபார்த் தேக்கைக் கொண்டு கட்டிய கப்பல்கள், ஆங்கிலேயக் கடற்படையின் ஓக் மரக் கப்பல்களைவிட நெடுநாள் உழைத்தன. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும்; தேக்கு இரும்போடு பகை கொள்வதில்லை. நெப்போலியன் போர்களில் இங்கிலாந்தின் ஓக் காடுகள் வற்றிப்போன நிலையில் பம்பாயில் கட்டப்பட்டு 1817-இல் நீரில் இறங்கிய ஒரு போர்க்கப்பல், ஈழத்துத் திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மரக்கப்பல்களின் காலம் முடிந்து இரும்புக் கவசக் கப்பல்கள் வந்தபோதும் தேக்கு போகவில்லை. 1860-இல் நீரில் இறங்கிய ‘வாரியர்’ கப்பலின் நாலரை அங்குல இரும்புக் கவசத்துக்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு அடுக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

கப்பல்துறைகளின் இந்த மரப்பசிக்குத் தென்னிந்தியக் காடுகள் கொடுத்த விலை பெரிது. மலபாரிலும் திருவிதாங்கூரிலும் கடற்படைக்கான மரத்தைத் திரட்ட 1806-இல் கேப்டன் வாட்சன் காட்டுப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். பதவியின் பெயரில்தான் பாதுகாப்பு இருந்தது. நடந்தது தேக்கு முழுவதையும் அரசின் ஏகபோகமாக்கி வெட்டிக் குவித்த வேலை. குடிகளின், வணிகர்களின் எதிர்ப்பு மிகுந்து, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே ஒழித்தார். வெட்டியதற்கு ஈடாக நட வேண்டும் என்ற எண்ணம் 1840-களில்தான் செயலாயிற்று. மலபார்க் கலெக்டர் கானலியின் ஆணையில், சாத்து மேனோன் என்ற ஊழியரின் உழைப்பில், சாலியாற்றங்கரையில் நிலம்பூர்த் தோட்டங்கள் உருவாயின. கெட்டியான ஓடுள்ள தேக்கு விதை எளிதில் முளைவிடாது என்பதால் தொடக்க முயற்சிகள் பல வீணாயின. 1846-இல் நட்ட மரங்களின் ஒரு பகுதி கானலியின் பெயரிலேயே இன்றும் அங்கே நிற்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பம்பாய்க் கப்பல்துறைக்காக ஆனைமலைத் தேக்கை வெட்டும் வேலை 1840-களின் இறுதியில் முறையாகத் தொடங்கியது. உச்சியிலிருந்து கட்டைகளைச் சரித்து உருட்டிவிட்ட இடமே இன்றைய டாப்ஸ்லிப். சுற்றுலாவாக அங்கே போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரில் ஒரு கப்பல்துறையின் தேவை ஒளிந்திருப்பதை நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. வெட்டி மொட்டையான அந்தச் சரிவுகளில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீண்டும் தேக்கை வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹ்யூகோ வுட்டின் கல்லறை டாப்ஸ்லிப்புக்கு அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தேக்கு மரங்களுக்கு நடுவே இருக்கிறது.

மலபார் வற்ற வற்ற ஆங்கிலேயரின் கண் பர்மா மீது விழுந்தது. 1863-இல் தொடங்கிய பாம்பே பர்மா வணிகக் கழகத்துக்குத் தீபா அரசு விதித்த அபராதம், 1885-இல் அந்த அரசையே விழுங்கிய போருக்குச் சாக்காயிற்று. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது என்பதால், மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளையையும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்டு, பின்னர் வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரை மிதக்கவிட்டார்கள். அவசரமில்லாத இந்த உலர்த்தலும் பர்மாத் தேக்கின் நற்பெயருக்கு ஒரு காரணம். பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த தேக்குத் தூண்கள் செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளைச் சுற்றி இன்றும் கரும்பழுப்பாக மின்னுகின்றன. கூரைக்கு அடியில், நேர்வெயில் படாத இடத்தில் மெருகு நிலைக்கும் என்பதற்கு அவை சான்று. அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து நாற்காலிக்கும் அதே மெருகை எதிர்பார்ப்பது பொருந்தாத ஒப்பீடு.

திறந்த வானத்தின் கீழ் தேக்கைப் பேணுவதில் மிக நீண்ட அனுபவம் மாலுமிகளுடையது. கப்பலின் மேல்தளப் பலகைகளுக்கு அவர்கள் எதையும் பூசவில்லை. இடுக்குகளில் சணலும் கீலும் திணித்துக் கலப்பத்துப் பார்த்தார்கள். பலகைகளைக் கடல்நீர் ஊற்றி, மணலைத் தூவி, மணற்கல் துண்டுகளால் தேய்த்துக் கழுவினார்கள். பூச்சில்லாத பலகை நனைந்தாலும் காலுக்குப் பிடிமானம் கொடுக்கும். வார்னிஷ் அடித்த தளம் அலையடிக்கும் நேரத்தில் ஆளை வழுக்கிவிடும். வெள்ளையாக வெளுத்த தளமே ஒழுங்கான கப்பலின் அடையாளமாகக் கருதப்பட்டது. அந்தத் தேய்ப்பிலும் அளவு மீறியது உண்டு: மணற்கல்லால் தேய்ப்பது விலையுயர்ந்த பலகைகளை மெலிய வைக்கிறது என்று அமெரிக்கக் கடற்படை 1931-இல் அந்த வழக்கத்தைத் தடுத்தது. வெயிலும் மழையும் நூறாண்டில் அரிப்பதைவிட மனிதனின் சுத்தம் சில ஆண்டுகளில் அதிகமாக அரித்துவிட முடியும். இன்று உயர் அழுத்த நீர்க்குழாயால் தோட்டத்து நாற்காலியைக் கழுவுகிறவர்கள் செய்வதும் அதுவே. வளையங்களின் மென்மையான பகுதி பறந்துபோய்க் கெட்டியான வரிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன.

கப்பலிலிருந்து தோட்டத்துக்குத் தேக்கு வந்த வழி நேரடியானது. காலாவதியான போர்க்கப்பல்களை உடைத்த நிறுவனங்கள், லண்டனில் காசில் நிறுவனமும் வட இங்கிலாந்தின் பிளைத்தில் ஹ்யூஸ் போல்க்கோ நிறுவனமும், கழற்றிய தேக்குப் பலகைகளைத் தோட்ட இருக்கைகளாகச் செய்து விற்றன. எந்தக் கப்பலின் மரம் என்று பொறித்த சிறு தகடு அந்த இருக்கைகள் பலவற்றில் அடிக்கப்பட்டிருந்தது. 1922-இன் வாஷிங்டன் உடன்படிக்கைப்படி வல்லரசுகள் தம் கப்பல்களைக் குறைத்துக்கொண்டபோது உடைப்பதற்கும் பஞ்சமில்லை. இந்த இருக்கைகளை வாங்கியவர்கள் நரைத்த மரத்தையே வாங்கினார்கள் அல்லது சீக்கிரம் நரைக்கும் என்று அறிந்து வாங்கினார்கள்; அலைகளில் அரை நூற்றாண்டு கிடந்த மரத்துக்கு ஆங்கிலத் தூறல் ஒரு பொருட்டல்ல என்பதே விற்பனைக்கான வாதம். பூங்காக்களிலும் கல்லூரி முற்றங்களிலும் சாம்பல் நிறத் தேக்கு விசுப்பலகை அந்த நாட்டின் நிலக்காட்சியில் ஒன்றாகிப்போனது இப்படித்தான்.

நிறக்கவலை பிறந்தது இதற்குப் பின்னால். 1950-களில் டென்மார்க்கின் வடிவமைப்பாளர்கள் வீட்டுக்குள் போடும் நாற்காலிகளையும் மேசைகளையும் தேக்கில் செய்து உலகெங்கும் பரப்பினார்கள். அவற்றின் அழகு பொன்பழுப்பு நிறத்தில் இருந்தது, அதைப் பேணத் தடவிய எண்ணெய்க்குத் ‘தேக்கு எண்ணெய்’ என்று பெயர் வழங்கியது. தேக்கு மரத்திலிருந்து பிழிந்தது எதுவும் அந்தப் புட்டியில் இல்லை. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய், கரைப்பான், சிறிது வார்னிஷ் ஆகியவற்றின் கலவை அது. 1980-களில் ஜாவாவின் தோட்டத் தேக்கைக் கொண்டு வெளிநாட்டுச் சந்தைக்கான தோட்ட இருக்கைகள் பெருவாரியாக வரத் தொடங்கியபோது, கடைக்குள் கூரைக்கடியில் பொன்னிறமாக அடுக்கிவைத்த பொருளை வாங்கியவர் அது வெளியே போனதும் அப்படியே இருக்கும் என்று நம்பினார். இருக்காது என்று தெரிந்தபோது விற்க ஒரு புட்டி தயாராக இருந்தது. கேள்வி பிறந்த இடம் காட்டிலோ பட்டறையிலோ இல்லை, கடையில்தான்.

அந்தப் புட்டி உண்மையில் என்ன செய்கிறது என்பதை இரக்கமின்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் சில வாரங்களுக்கு நிறத்தை மீட்டுத் தருகிறது. பின்னர் வெயில் அதையும் சிதைக்கிறது. ஆளி விதை எண்ணெய் பூஞ்சணத்துக்குத் தீனியாவதால், எண்ணெயிட்ட தேக்கு எண்ணெயிடாததைவிடச் சீக்கிரம் கறுப்பதும் உண்டு. ஒருமுறை தொடங்கினால் ஆண்டுக்குச் சில முறையாவது தொடர வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டான நிலையே மிஞ்சும். வார்னிஷின் நிலை இன்னும் மோசம். தேக்கின் இயல்பான பிசின் வார்னிஷ் காய்வதையும் ஒட்டுவதையும் தடுக்கிறது. தெளிவான படலத்தின் ஊடே புகும் ஒளி அடியிலுள்ள லிக்னினைச் சிதைக்க, பிடிமானம் இழந்த படலம் உரிகிறது. உரிந்த விளிம்பு வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. நிறமி கலந்த, படலம் உண்டாக்காத நவீன அடைப்புப் பூச்சுகள் இவற்றில் தேவலை. நிறமி ஒளியைத் தடுப்பதால் ஓராண்டளவு நிறம் தாங்கும். ஆயினும் இவை எதுவும் வைரத்தின் ஆயுளைக் கூட்டுவதில்லை. காசும் உழைப்பும் நிறத்துக்கே போகின்றன.

இங்கே ஒரு விலக்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1988-இன் வெள்ளப்பேரழிவுக்குப் பின் தாய்லாந்து 1989-இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. பர்மா 2014-இல் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று சந்தைக்கு வரும் தேக்கில் பெரும்பகுதி தோட்டங்களில் இளவயதிலேயே வெட்டியது. இளமரத்தில் வைரம் சிறுத்தும் வெள்ளை மிகுந்தும் இருக்கும்; வைரத்திலும் காப்புப் பொருள்கள் முதிர்மரத்தின் அளவுக்குச் சேர்ந்திருப்பதில்லை. ஆகவே கப்பல் தேக்கின் வரலாற்றைக் காட்டி இளந்தேக்கை விற்பது நேர்மையான வாதம் ஆகாது. அதற்காகப் பூச்சு அந்தக் குறையை நிரப்பிவிடும் என்பதும் இல்லை. வெளிறிய வரி ஓடும் பலகையை எந்த எண்ணெயும் வைரமாக்காது. வாங்கும்போதே அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, நிறம் வேறுபடும் வெளிறிய பட்டைகள் உள்ள பொருளை ஒதுக்குவதே அதற்குரிய வழி.

பழைய வேலைக்காரர்களின் வழக்கத்திலிருந்து இன்றைய உரிமையாளர் எடுத்துக்கொள்ளத்தக்கவை எளியவை. இருக்கையின் கால்கள் ஈரமண்ணில் புதையாமல் கல்லிலோ செங்கல்லிலோ நிற்க வேண்டும். இழைகளின் வாய் திறந்திருக்கும் கால் அடிகளில் மட்டும் மெழுகோ தடித்த பூச்சோ ஏற்றினால் அது பயன்படும், ஏனெனில் தண்ணீர் ஏறுவது அந்த வாய்களின் வழியேதான். பொருத்துகள் பசையை மட்டும் நம்பாமல் கழுந்தும் துளையும் முளையுமாக இறுகியிருக்க வேண்டும். திருகாணிகள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த பின், சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு இழைக்குக் குறுக்கே தேய்த்துக் கழுவினால் பூஞ்சணக் கறுப்பு நீங்கும். பொன்னிறம் வேண்டுமென்ற ஆசை விடாதவர்கள் அந்தப் பொருளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைக்கலாம். வெளியில் கிடக்கும் முதிர்ந்த தேக்குக்குப் பூச்சு தேவையில்லை.